நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. விலை மட்டும் உண்டு!

2005-ம் வருஷம் ஜனவரி மாதம். அமெரிக்காவின் பிரபல தினசரியான 'நியூயார்க் டைம்ஸ்' ஒரு வேடிக்கையான பரீட்சையின் முடிவை வெளியிட்டது.

ஓட்கா என்ற மதுவில் எது உயர்ந்தது? இதுதான் கேள்வி. 21 ரகங்களைக் கொண்டு வந்தார்கள். பெரும்பாலானவை பெயரும் விலையும் பெற்ற சரக்குகள். எந்தக் கிளாசில் எந்த ரகம் இருக்கிறது என்பது ருசி பார்ப்பவர்களுக்குத் தெரியாது. சும்மா ஒத்துப் பார்ப்பதற்காக, 'ஸ்மிர்னாப்' என்ற மலிவான ரகத்தையும் நடுவில் சேர்த்து வைத்தார்கள். அதன் விலை 13 டாலர். எதிரே நின்ற பல புட்டிகள் அதைப்போல் இருமடங்கு விலை.

முதல் பரிசு யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? 13 டாலர் ஸ்மிர்னாபுக்கு!

அப்படியானால் இருமடங்கு பணம் கொடுப்பவர்கள் எதற்காகக் கொடுக்கிறார்கள்? ஓட்காவைக் கண்ணால் பார்த்திராதவர்களும் இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. "விலை கூடினால் சரக்கு உசத்தி" என்ற நம்பிக்கை மதுக்கடையோடு நிற்பதில்லை. நாம் வாங்கும் சோப்பு, பற்பசை வரை அது வருகிறது.

குட்டித் தண்ணீர்

ரஷிய மொழியில் 'வோதா' என்றால் தண்ணீர். போலந்து மொழியிலும் ஏறக்குறைய அதே சொல்தான். அதைச் செல்லமாகத் திரித்துப் பிறந்த பெயர்தான் ஓட்கா. 'குட்டித் தண்ணீர்' என்று பொருள் சொல்லலாம். "எங்கள் நாட்டில்தான் முதலில் பிறந்தது" என்று ரஷியரும் போலந்துக்காரரும் இன்றுவரை வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓட்கா செய்வது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கோதுமை, ரை என்ற தானியம், மக்காச்சோளம், உருளைக்கிழங்கு — இவற்றில் ஏதாவது ஒன்று போதும். அதை வேகவைத்து, அதில் உள்ள மாவைச் சர்க்கரையாக மாற்றி, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைப்பார்கள். இதுதான் ஊறல். ஊறலைக் காய்ச்சினால் முதலில் ஆவியாவது சாராயம். காரணம், தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதிக்கும். சாராயம் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்த ஆவியைக் குளிர வைத்துப் பிடித்துக்கொள்வார்கள்.

பழைய காலத்துப் பானையில் ஒருமுறை காய்ச்சினால், சாராயத்தோடு ஊறலின் நாற்றமும் சேர்ந்து வரும். 1830-ம் வருஷம் அயர்லாந்துக்காரர் ஒருவர் இதற்கு வழி கண்டார். உயரமான கோபுரம் போன்ற ஒரு கருவியைச் செய்து உரிமை வாங்கினார். அவர் பெயர் ஈனியாஸ் காபி. அவருடைய பழைய உத்தியோகம் என்ன தெரியுமா? சாராய வரி வசூலிக்கும் அதிகாரி!

கோபுரத்துக்குள் தட்டு தட்டாக அடுக்கு இருக்கும். ஆவி ஒவ்வொரு தட்டாக ஏறும்போது மேலும் மேலும் சுத்தமாகும். உச்சியில் வந்து சேரும் எரிசாராயம் 100-க்கு 95, 96 பங்கு சுத்தம். அதில் தண்ணீர் விட்டு 40 பங்குக்கு இறக்குவார்கள். பிறகு மரக்கரி வழியாக வடிகட்டுவார்கள். ஓட்கா தயார்.

ஆகவே 30 டாலர் கொடுத்து வாங்கினாலும் புட்டியில் பாதிக்கு மேல் இருப்பது தண்ணீரே!

இந்த 40 பங்குக் கணக்கை வகுத்தவர் ரசாயன மேதை மெண்டலீவ் என்று ஒரு கதை உலவுகிறது. சாராயமும் தண்ணீரும் கலப்பதைப் பற்றி அவர் 1865-ல் ஆராய்ச்சி எழுதியது உண்மை. ஆனால் அது ஓட்காவைப் பற்றிய ஆராய்ச்சியே இல்லை. இருந்தாலும் விளம்பரக்காரர்கள் அந்தக் கதையை விடுவதாக இல்லை.

சட்டம் சொன்ன ருசி

அமெரிக்கச் சட்டம் பல வருஷ காலம் ஓட்காவுக்கு ஒரு விசித்திரமான இலக்கணம் வைத்திருந்தது. தனி குணம், மணம், ருசி, நிறம் எதுவும் இருக்கக் கூடாது, அதுதான் ஓட்கா! 2020-ம் வருஷம்தான் இந்த வாசகத்தை எடுத்தார்கள்.

விஸ்கி என்றால், பல வருஷம் மரப்பீப்பாயில் கிடந்து நிறமும் மணமும் ஏற வேண்டும். பீப்பாய்க்கு விலை உண்டு. காத்திருக்கும் காலத்துக்கு வட்டி உண்டு. ஓட்காவுக்கு அந்தச் செலவு இல்லை. இன்று வடித்து நாளை புட்டியில் அடைக்கலாம். ருசி இல்லாமல் செய்வதுதான் தொழிலாளியின் திறமை. ருசியே கூடாத பொருளில் உயர்ந்த ருசி என்று எதைச் சொல்லி விற்பது? இங்கேதான் வியாபாரியின் மூளை வேலை செய்கிறது.

14 ஆயிரம் டாலருக்குப் போன பெயர்

பரீட்சையில் ஜெயித்த ஸ்மிர்னாபின் கதையைப் பாருங்கள். ரஷியாவில் பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்தவர் பியோத்தர் ஸ்மிர்னாவ். மாஸ்கோவில் சாராயத் தொழில் தொடங்கி, ஜார் சக்கரவர்த்தியின் அரண்மனைக்கே சரக்கு அனுப்பும் அளவுக்கு உயர்ந்தார்.

1917-ல் புரட்சி வந்தது. அவருடைய மகன் விளாதிமிர் நாட்டை விட்டு ஓடினார். சொத்து எல்லாம் போயிற்று. மிஞ்சியது பெயர் ஒன்றுதான். அமெரிக்காவில் அந்தப் பெயரில் ஓட்கா செய்யும் உரிமையைக் குனெட் என்பவர் வாங்கினார். வியாபாரம் படுத்துவிட்டது. 1939-ல் ஹியூப்ளீன் என்ற கம்பெனிக்கு அதை 14 ஆயிரம் டாலருக்குக் கொடுத்துவிட்டார்.

அதன்பின் ஒரு கூத்து நடந்ததாகச் சொல்வார்கள். புட்டிகளுக்கு ஓட்கா தக்கை கிடைக்கவில்லை. விஸ்கி என்று அச்சிட்ட தக்கைகளைப் போட்டு அனுப்பினார்கள். ஒரு கடைக்காரர் அதைப் பார்த்து, "வெள்ளை விஸ்கி! ருசியும் இல்லை, வாடையும் இல்லை" என்று எழுதி வைத்தாராம். சரக்கு பறந்தது! குடித்தால் வாயில் வாடை அடிக்காது என்பதே பிறகு பெரிய விளம்பரமாயிற்று.

முதலில் விலை, பிறகு சரக்கு

அடுத்த கதை இன்னும் ருசிகரமானது. சிட்னி பிராங்க் என்பவர் அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பிரவுன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒரே வருஷத்தில் படிப்பு நின்றது. காரணம், சம்பளம் கட்டப் பணம் இல்லை.

பிற்காலத்தில் மது வியாபாரத்தில் பெரிய ஆள் ஆனார். அப்போது அமெரிக்காவில் உயர்ந்த ஓட்கா என்று பெயர் வாங்கியிருந்தது சுவீடன் நாட்டு 'அப்சலூட்'. அதைவிட ஏறக்குறைய இருமடங்கு விலையில், அதாவது சுமார் 30 டாலருக்கு, ஒரு ஓட்கா விற்க வேண்டும் என்று பிராங்க் திட்டம் போட்டார். அப்போது அவர் கையில் சரக்கே இல்லை! விலையை நிச்சயித்துவிட்டுத்தான் சரக்கைத் தேடினார்.

எந்த நாட்டில் செய்வது? பிரான்ஸ் என்று முடிவு செய்தார். அங்கே ஓட்கா பெயர்பெற்றது இல்லை. ஆனால் பிரான்ஸ் என்றாலே அமெரிக்கருக்கு ஒரு மயக்கம். வாசனைத் திரவியம், பட்டு, ஒயின் எல்லாம் அங்கிருந்து வருகிறதல்லவா? பிரெஞ்சுக் கோதுமையில் காய்ச்சி, வாத்துகள் பறக்கும் அழகான புட்டியில் அடைத்து, ஒயினைப்போல் மரப்பெட்டியில் வைத்து அனுப்பினார். 1997-ல் 'கிரே கூஸ்' கடைக்கு வந்தது. மறு வருஷமே ஒரு மதுப் பரிசோதனை நிலையம் அதற்கு முதல் இடம் கொடுத்தது. அந்தச் செய்தியை விளம்பரத்தில் முழக்கினார் பிராங்க்.

2004-ல் பகார்டி கம்பெனி அந்த மார்க்கை 200 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அதே வருஷம் பிராங்க், தாம் பாதியில் விட்ட பல்கலைக்கழகத்துக்கு 10 கோடி டாலர் நன்கொடை கொடுத்தார். ஏழைப் பிள்ளைகள் கடன் இல்லாமல் படிப்பதற்கு!

வித்தியாசமே இல்லையா?

உண்டு. நியாயமாகப் பார்த்தால் அதையும் சொல்ல வேண்டும். ரை தானியத்தில் செய்த ஓட்காவில் லேசான காரம் தெரியும். கோதுமை ஓட்கா மெதுவாக இறங்கும். உருளைக்கிழங்கு ஓட்காவில் கொஞ்சம் கொழகொழப்பு இருக்கும். தண்ணீரின் தன்மையும் சேரும். சில கம்பெனிகள் தொண்டையில் இதமாக இறங்குவதற்குத் துளி சர்க்கரை சேர்ப்பதும் உண்டு. அமெரிக்கச் சட்டம் லிட்டருக்கு 2 கிராம் வரை அதற்கு இடம் கொடுக்கிறது.

மலிவு ஓட்காவைத் தண்ணீர் வடிகட்டியில் பல தடவை ஊற்றினால் உயர்ந்த ஓட்கா ஆகிவிடும் என்று அமெரிக்காவில் பலர் நம்பினார்கள். 2006-ல் 'மித்பஸ்டர்ஸ்' என்ற டெலிவிஷன் நிகழ்ச்சியில் இதைச் சோதித்தார்கள். தேர்ந்த ஒரு நிபுணர், எந்தக் கிளாஸ் எத்தனை முறை வடிகட்டியது என்பதை வரிசை பிசகாமல் சொல்லிவிட்டார். விலை உயர்ந்த சரக்கையும் தனியாகக் கண்டுபிடித்தார்.

ஆகவே மட்டமான சரக்குக்கும் நல்ல சரக்குக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் நல்ல சரக்குக்கும் மிக விலை உயர்ந்த சரக்குக்கும் நடுவே, பழகிய நாக்குகளும் தடுமாறுகின்றன. நியூயார்க் பரீட்சை காட்டியது இதைத்தான்.

எப்படிப் பார்ப்பது?

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் வழி எளிது. நல்ல ஓட்காவைச் சில்லிட வைக்காமல், கொஞ்சம் தண்ணீர் விட்டு முகர்ந்து பார்க்க வேண்டும். நகப்பூச்சு வாடை மூக்கைக் குத்தினால் மட்டம். கடுங்குளிரில் நாக்கு மரத்துப் போகும், குறை தெரியாது. மட்டமான சரக்கை ஐஸ் போலக் குளிரவைத்துக் கொடுப்பதன் சூட்சுமம் அதுதான்.

"ஆறு முறை காய்ச்சியது" என்ற வாசகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கோபுரத்தில் ஒருமுறை ஏறினாலே பலமுறை காய்ச்சியதற்குச் சமம். பழரசத்தில் கலந்து குடிப்பவருக்கு விலை உயர்ந்த ஓட்கா வீண் செலவு. பல கம்பெனிகள் தாங்களே காய்ச்சுவதும் இல்லை. பெரிய ஆலையில் எரிசாராயம் வாங்கி, தண்ணீர் கலந்து, தங்கள் சீட்டை ஒட்டி விற்கின்றன.

மலிவிலே மரணம்

விலை ஒரு அளவுக்குக் கீழே போனால் கதையே வேறு.

2016-ம் வருஷம் டிசம்பர் மாதம். சைபீரியாவில் இர்குட்ஸ்க் நகரம். ஓட்கா வாங்க முடியாத ஏழைகள், அதைவிட மலிவாகக் கிடைத்த குளியல் தைலத்தை வாங்கிக் குடித்தார்கள். அதில் சாராயத்துக்குப் பதிலாக மெத்தனால் இருந்தது. 70 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கு முன் 2012-ல் செக் நாட்டில், கள்ளத்தனமாக அடைத்த புட்டிகளில் மெத்தனால் கலந்து பலர் மாண்டார்கள். 20 பங்குக்கு மேல் சாராயம் உள்ள எந்த மதுவும் விற்கக் கூடாது என்று சர்க்கார் நாடு முழுவதும் தடை போட்டது.

நம் வாசகர்களுக்கு இந்தக் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததும் இதே மெத்தனால்தான்.

மெத்தனாலும் பார்வைக்குத் தண்ணீர்தான். வாடையும் ருசியும் சாராயத்தைப் போலவே இருக்கும். நாக்கு காட்டிக்கொடுக்காது. உடம்புக்குள் போனபின் அது கொடிய அமிலமாக மாறும். முதலில் கண்ணைப் பறிக்கும். பிறகு உயிரைப் பறிக்கும். வெளுத்ததெல்லாம் பாலாகுமா? சர்க்கார் முத்திரை உள்ளதா, லைசென்ஸ் உள்ள கடையா என்று பார்ப்பது ஒன்றுதான் காப்பு. புட்டிக்குக் கொடுக்கும் விலையில் பொருள் உள்ள பகுதி அதுவே. அதற்கு மேல் கொடுப்பதில் பெரும்பகுதி கண்ணாடிக்கும் விளம்பரத்துக்கும்.

ரஷியா இன்னொரு பாடமும் கற்றது. அளவற்ற குடியால் அங்கே ஆண்கள் இளம் வயதில் செத்துக்கொண்டிருந்தார்கள். 2010 ஜனவரியில், அரை லிட்டர் ஓட்காவை 89 ரூபிளுக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. வரியை ஏற்றியது. விற்கும் நேரத்தைக் குறைத்தது. 2003 முதல் 2016 வரை அந்நாட்டு மது உபயோகம் 100-க்கு 43 பங்கு குறைந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொன்னது. ஆண்களின் சராசரி ஆயுள் 2018-ல் 68 வயதாக உயர்ந்தது.

உடம்புக்குக் கெடுதல் இல்லாத அளவு என்று மதுவில் எதுவும் கிடையாது என்று 2023-ல் அதே ஸ்தாபனம் அறிவித்தது. 13 டாலர் புட்டியிலும் சாராயம் 40 பங்கு. 30 டாலர் புட்டியிலும் 40 பங்கு. நாக்குக்கே தெரியாத வித்தியாசம், ஈரலுக்கா தெரியப்போகிறது?