கிரஹாம் மெக்நாமி: வானொலி வர்ணனையும் செய்திப்படக் குரலும்

அமெரிக்க வானொலியின் தொடக்க ஆண்டுகளில், நிகழ்ச்சி நடக்கும்போதே அதைக் கேட்போருக்கு விவரிக்கும் நேர்முக வர்ணனைக்கு முன்மாதிரி ஏதுமில்லாதிருந்த நிலையில், அதற்கு வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் கிரஹாம் மெக்நாமி. 1888இல் வாஷிங்டனில் பிறந்த அவர், பாரிடோன் எனப்படும் இடைத்தர ஆண்குரலில் பயிற்சி பெற்ற மேடைப் பாடகர். 1923இல் நியூயார்க் நீதிமன்றத்தில் ஜூரிப் பணிக்கு வந்திருந்தபோது, இடைவேளையில் டபிள்யூ.ஈ.ஏ.எஃப். வானொலி நிலையத்துக்குச் சென்று குரல்தேர்வு கேட்டு, அங்கேயே அறிவிப்பாளராக அமர்த்தப்பட்டார்.

அவ்வாண்டு பேஸ்பால் ஆட்டத்தின் உச்சத் தொடரான வேர்ல்ட் சீரிஸை வர்ணித்துவந்த விளையாட்டு எழுத்தாளர் கிராண்ட்லண்ட் ரைஸ், மூன்றாவது ஆட்டத்தின் நடுவே ஒலிவாங்கியை மெக்நாமியிடம் ஒப்படைத்தார். ஆட்டத்தில் நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த நிகழ்வுவரை மௌனம் காப்பதே அன்றைய வழக்கமாக இருக்க, மெக்நாமியோ வானத்தின் நிலை, கூட்டத்தின் ஆரவாரம், ஆட்டக்காரரின் முகபாவம் ஆகியவற்றையும் சொல்லி, வீட்டிலிருந்தவரை மைதானத்துக்கே அழைத்துச் சென்றார். ஆட்ட நுணுக்கங்களில் அவர் பிழைபடுவதைப் பத்திரிகையாளர்கள் சுட்டிக்காட்டியபோதும், 1925ஆம் ஆண்டுத் தொடரை அடுத்து அவருக்கு ஏறத்தாழ 50,000 கடிதங்கள் வந்தன. 1924இல், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 103 சுற்று வாக்கெடுப்பு தேவைப்பட்ட ஜனநாயகக் கட்சி மாநாட்டையும் அவர் ஒலிபரப்பினார்.

1930களில் யுனிவர்சல் நிறுவனத்தின் செய்திப்படங்களுக்கும் அவர் குரல் கொடுத்தார். செய்திப்படம் என்பது, திரையரங்குகளில் முழுநீளப் படத்தோடு சேர்த்துக் காட்டப்பட்ட, வாரம் இருமுறை புதிதாக வெளிவந்த குறுகிய செய்தித் தொகுப்பு. வானொலியில் காட்சியைச் சொல்லே உண்டாக்க வேண்டியிருந்தது. திரையிலோ காட்சி முன்பே படமாக்கப்பட்டு, வெட்டித் தொகுக்கப்பட்டுவிடுவதால், ஒவ்வொரு துண்டின் நீளத்துக்குள்ளும் அடங்குமாறு, இடம், பெயர், காரணம் எனப் படம் தானாகச் சொல்ல இயலாதவற்றை மட்டும் குரல் சொல்ல வேண்டியிருந்தது.

1942இல், 53ஆம் வயதில் மறைந்த மெக்நாமிக்கு, பேஸ்பால் ஒலிபரப்பாளர்களுக்கான ஃபோர்டு ஃப்ரிக் விருது 2016இல் வழங்கப்பட்டது. தகவலின் துல்லியத்தில் அவரை விஞ்சியவர்கள் பின்னர் பலர் வந்தனர் எனினும், காணாதவருக்குக் காட்சியையும் காண்பவருக்கு விளக்கத்தையும் தருவதே அறிவிப்பாளரின் கடமை என்பதை, இரு ஊடகங்களும் இளமையாக இருந்த காலத்திலேயே தம் உழைப்பால் நிலைநாட்டியது அவருடைய நீங்காச் சிறப்பாகும்.