மூடுபனிக்குள் ஒரு கொலையாளி

குடுபல்லி ஸ்டேஷனில் பெங்களூர் வண்டிக்குக் காத்து நிற்பவர்களிடம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். பிழைப்பு பெங்களூரில், பேச்சு பெரும்பாலும் சினிமாவில். தமிழில் ‘ராட்சசன்’ (2018) பார்த்தவரும், அதையே தெலுங்கில் ‘ராட்சசுடு’ (2019) என்று பார்த்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எது மேல் என்று வாதாடலாம். ஆனால் கொலையாளியைப் போலீஸ் தேடும் இந்த ரகப் படங்களுக்குத் தமிழில் வழி போட்டவை இரண்டு பழைய படங்கள்.

முதலாவது, பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’. கமலஹாசன், ஸ்ரீதேவி நடித்து 1978 அக்டோபர் 28-ல் வெளிவந்தது. தெலுங்கில் ‘எர்ர குலாபீலு’ ஆயிற்று. அதற்கு மூன்றே நாள் முன்பு அமெரிக்காவில் ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ வெளியாகியிருந்தது. சுமார் மூன்று லட்சம் டாலரில் எடுத்த படம். கொலையாளிக்கு முகமூடி வாங்கப் பணம் இல்லை. இரண்டு டாலருக்கும் குறைந்த விலையில் ஒரு கடை முகமூடியை வாங்கி, வெள்ளைச் சாயம் பூசி மாட்டிவிட்டார்கள்! உலகமே பயந்தது. இங்குள்ளவர் அதைக் காப்பியடித்தார் என்று யாரும் சொல்ல முடியாது, தேதியே சாட்சி.

இரண்டாவது ‘மூடுபனி’. 1980 தீபாவளிக்கு வந்த படம். பெங்களூரிலும் ஊட்டியிலும் எடுக்கப்பட்டது. இயக்கமும் ஒளிப்பதிவும் பாலு மகேந்திரா. மட்டக்களப்பில் பிறந்து, பூனா திரைப்படக் கல்லூரியில் படித்து, மலையாளத்தில் காமிராமேனாகப் பெயர் எடுத்து, கன்னடத்தில் ‘கோகிலா’ (1977) மூலம் டைரக்டர் ஆனவர். பிறந்த ஊரை விட்டுப் பிற மொழிக்காரர் நடுவே தொழில் கற்ற தமிழர் என்பதால், நம்மவர்களுக்கு அவர் மேல் ஒரு தனிப் பாசம் வருவது இயல்பே.

பிரம்மாண்ட செட் கிடையாது. பாட்டும் அதிகம் இல்லை. இசை இளையராஜா, அவருக்கு இது நூறாவது படம். ராஜேந்திரகுமாரின் நாவலைத் தழுவிய கதை. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) சாயலும் உண்டு. அப்பனின் கொடுமையில் அம்மா பட்ட பாட்டைச் சிறுவயதில் பார்த்து மனம் கெட்ட சந்துரு, விலைமாதர்களைத் தேடிக் கொல்கிறான். பிரதாப் போத்தன் அதட்டாமல், கத்தாமல் நடித்திருப்பார். பக்கத்து ரூமில் குடியிருக்கும் சாதுப்பிள்ளை மாதிரி இருக்கிறாரே, அதுதான் நெஞ்சைக் கலக்குகிறது. முகமூடி கூடத் தேவைப்படவில்லை.

‘ராட்சசன்’ படத்தில் கொலைகாரன் யார் என்பதே கேள்வி. இங்கே அது நமக்கு முன்பே தெரியும்; போலீசுக்குத்தான் தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. அதனால் அவள் அவனோடு சிரித்துப் பேசும் சாதாரணக் காட்சியில்கூட நமக்கு உள்ளங்கை வேர்க்கிறது. காசு செலவில்லாத பயம் இது.

போலீஸ் அதிகாரியாக வருபவர் கல்கத்தா விசுவநாதன். சத்யஜித் ராயின் ‘காஞ்சன்ஜங்கா’ (1962) படத்தில் நடித்த அதே தமிழர். நாயகியை மணக்க இருப்பவர் பானுசந்தர். அவரைத் தெலுங்கு நண்பர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ‘கோகிலா’ மோகனுக்குத் தமிழில் இதுவே முதல் படம்.

ஒரு குறை சொல்லித்தான் ஆக வேண்டும். கொன்றவனின் பால்யத் துயரத்துக்கு இத்தனை இடம் தந்த கதை, செத்த பெண்களுக்குத் தரவில்லை. அவர்கள் எந்த ஊர், ஏன் அந்தத் தொழிலுக்கு வந்தார்கள், வீட்டில் யார் காத்திருந்தார்கள்? ‘சிகப்பு ரோஜாக்கள்’ கதையும் இப்படித்தான். வெளியூருக்கு வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் இந்தக் கேள்வி எழாமல் இராது.

ரேகாவாக நடித்தவர் ஷோபா. ‘பசி’ (1979) படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றவர். கொலையாளியிடம் அகப்பட்ட பெண்ணின் திகிலை, பெரிய பெரிய வசனம் எதுவும் பேசாமல் கண்ணாலேயே காட்டினார். அந்தத் தீபாவளிக்கு ஜனங்கள் தியேட்டரில் அவரைப் பார்த்தபோது அவர் உயிரோடு இல்லை. 1980 மே முதல் தேதியே இறந்துவிட்டார். வயது 17.