சர்க்கரை சேர்க்காத தித்திப்பு

பின்லாந்து தேசத்துக் கிறிஸ்துமஸ் விருந்தில், பன்றித் தொடை இறைச்சிக்குத் துணையாக, காரட், டர்னிப்புக்கு உறவான ருட்டபாகா, உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தனித்தனியே மசித்துப் பாத்திரத்தோடு ரொட்டியடுப்பில் வைத்துச் சமைத்த பதார்த்தங்கள் இடம்பெறுவது நெடுநாளைய வழக்கம். அவற்றுள் ஹேமே பிரதேசத்தாருக்கு விசேஷமாக உரிய ‘இமெல்லெத்து பெருனலாத்திக்கோ’ என்னும் உருளைக்கிழங்குப் பதார்த்தமே ரசாயன சாஸ்திரத்தில் நாட்டமுள்ளவர்கள் முதலில் கவனிக்கத் தக்கது. ஏனெனில், பழைய முறைப்படி பக்குவம் செய்யும்போது அதில் சர்க்கரை ஒரு சிட்டிகையும் சேர்வதில்லை, ஆயினும் அது தித்திக்கிறது. அவசரக்காரர் பாகு ஊற்றுவதுண்டு. அது பக்குவக் குறையை மறைக்கும் உபாயமே அன்றி வேறில்லை.

உருளைக்கிழங்கைக் குழைய வேகவைத்து, தோலுரித்து, கட்டியில்லாமல் மசித்து, சூடு சற்றே தணிந்தபின், கிலோவுக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி கோதுமை மாவைப் பச்சையாகவே கலந்து, மூடி, 60 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிய வெப்பத்தில் சில மணி நேரம் வைத்துவிடுகிறார்கள். மாவு சேர்ந்தால் எதுவும் இறுகும் என்பதே அடுக்களை அனுபவம். இங்கோ அதற்கு நேர்மாறாக, கரண்டியை நட்டால் நிற்கும்படி இருந்த மசியல் மெல்ல மெல்லத் தளர்ந்து, கூழாகி, கரண்டியிலிருந்து வழிகிறது. நாவில் இட்டால் இனிக்கிறது.

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி. பச்சைக் கிழங்கில் குருணைகளாக இறுகிக் கிடக்கும் அது, வேகும்போது நீரை ஏற்று உப்பி நெகிழ்கிறது. கோதுமையில் இயல்பாகவே உள்ள பீட்டா அமிலேஸ் என்னும் நொதி, நெகிழ்ந்த அந்தச் சங்கிலியை நுனியிலிருந்து இரண்டிரண்டு கண்ணிகளாக நறுக்கிக்கொண்டே வர, ஒவ்வொரு துண்டும் மால்டோஸ் என்னும் சர்க்கரையாகிறது. கரும்புச் சர்க்கரையின் இனிப்பில் பாதியைக்கூட மால்டோஸ் தாண்டாது. ஆகையால் இந்தத் தித்திப்பு திகட்டுவதில்லை.

உஷ்ணமே இங்கு சகலமும். 70 டிகிரிக்கு மேல் நொதி விரைவில் சிதைந்துவிடும். ஆதலால் கொதிக்கும் மசியலில் மாவைக் கொட்டினால் வெறும் பசையே மிஞ்சும். வெதுவெதுப்போடு நிறுத்தினாலோ நொதி மந்தமாகும். நுண்ணுயிர்கள் பெருகி மசியல் புளித்துவிடும். பாயென், பெர்சோ என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர் இருவர் முளைகட்டிய பார்லியிலிருந்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் ‘டயஸ்டேஸ்’ என்னும் நொதியைப் பிரித்தெடுத்தது 1833-ஆம் ஆண்டில்தான். முளைதானியத்தைக் கொண்டு மாவை இனிக்கச் செய்யும் வித்தையோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. வெப்பமானியின் துணையின்றி, ஆறிவரும் அடுப்பின் சூட்டைக் கையால் உணர்ந்தே இந்த நுட்பமான எல்லையைக் காத்த கிராமத்துப் பெண்களின் அறிவை நான் எந்த ஆய்வுக்கூட அறிவுக்கும் தாழ்ந்ததாகக் கருதமாட்டேன்.

பிறகு பால், வெண்ணெய், உப்பு, சிறிது சாதிக்காய்ப் பொடி கலந்து, பொங்கி வழியாதபடி பாத்திரத்தில் இடம் விட்டு ஊற்றி, 150 டிகிரி அளவில் இரண்டு மூன்று மணி நேரம் வைக்கிறார்கள். மால்டோஸும் பாலின் புரதமும் கூடி, மேலார்ட் வினையால் மேற்பரப்பு பொன்பழுப்பாகி மணக்கிறது.

நம் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இதே நொதி கிழங்கிலேயே மிகுதியாக உண்டு. அதனால்தான் நிதானமாகச் சுட்டது அவசரமாக அவித்ததைவிட அதிகம் இனிக்கிறது. உருளைக்கிழங்கில் செய்து பார்க்க விரும்பும் வாசகர்கள் வறுத்த மாவைத் தவிர்க்க வேண்டும்; வறுபடும்போதே அதன் நொதி சிதைந்துபோயிருக்கும்.