முதுகு நீரில் புரதம் எவ்வளவு?

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஏறக்குறைய 150 மில்லி நீர் எப்போதும் இருக்கிறது. இதுதான் முதுகு நீர். ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி ஊறுவதால், பழையது வடிந்து புதியது நிறைந்துகொண்டே இருக்கும். பார்வைக்கு ஊற்றுநீர் போலத் தெளிவானது. 100 மில்லி ரத்தச் சீரத்தில் 6 முதல் 8 கிராம் புரதம் உண்டு. அதே அளவு முதுகு நீரிலோ, பெரியவர்களுக்கு 15 முதல் 45 மில்லிகிராம்தான். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள வேலி பெரிய மூலக்கூறுகளை எளிதில் உள்ளே விடாது. புரதம் கூடினால் அந்த வேலி சேதமாகியிருக்கலாம், நீரோட்டம் அடைபட்டிருக்கலாம், அல்லது உள்ளேயே புரதம் உற்பத்தியாகலாம்.

இதை எப்படி அளக்கிறார்கள்? முன்பெல்லாம் பாண்டி சோதனை. செறிந்த ஃபீனால் கரைசலில் ஒரு சொட்டு முதுகு நீரை விடுவார்கள். வெண்புகை போலக் கலங்கினால் புரதம் அதிகம். கூடுதலா என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. ரத்தப் புரதத்தை அளக்கும் பையூரெட் முறை இவ்வளவு சிறிய அளவுகளுக்குப் போதாது. இன்று பல ஆய்வகங்களில் பைரோகல்லால் ரெட் என்ற சாயத்தைச் சேர்க்கிறார்கள். புரதத்தோடு சேர்ந்ததும் சாயத்தின் நிறம் மாறும். அந்த நிறம் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று கருவி பார்த்து எண்ணைச் சொல்லும். நீரை எடுக்க முதுகில் ஊசி குத்தும்போது ரத்தம் கலந்துவிட்டால் கணக்கு ஏறிவிடும். மைக்ரோலிட்டருக்கு 1,000 சிவப்பணுக்கள் இருந்தால் 100 மில்லிக்கு 1 மில்லிகிராம் புரதம் என்று தோராயமாகக் கழித்துப் பார்ப்பார்கள்.

ஆனால் புரத எண் மட்டும் நோயின் பெயரைச் சொல்லாது. கூடவே செல்களையும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். பாக்டீரியா மூளைக்காய்ச்சலில் புரதமும் வெள்ளணுக்களும் ஏறும், சர்க்கரை இறங்கும். காசநோய் மூளைக்காய்ச்சலிலும் புரதம் ஏறி, சர்க்கரை குறையும்; அங்கே பெரும்பாலும் மிகுவது லிம்போசைட் என்ற வகை வெள்ளணுக்கள். கை கால் திடீரெனத் தளர்ந்துவரும் கியான்-பாரே நோயிலோ புரதம் மட்டும் உயரும், செல்கள் கூடா. 1916-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் கியான், பாரே, ஸ்ட்ரோல் மூவரும் இரண்டு ராணுவ வீரர்களிடம் இந்த முரணைக் கண்டு எழுதினார்கள். நோயின் முதல் வாரத்தில் புரதம் இயல்பாகவே இருக்கவும் கூடும்.

முதுகில் ஊசி போட்டால் கால் செயலிழந்துவிடும் என்ற பயம் நம்மிடம் நிறைய உண்டு. தண்டுவடம் பெரியவர்களுக்கு இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அளவில் முடிந்துவிடுகிறது; ஊசி இறங்குவது அதற்கும் கீழே. ஜெர்மானிய மருத்துவர் குவின்கே 1891-இல் விளக்கிய முறை இது. மூளையில் அழுத்தம், ரத்தம் உறையும் தன்மை ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத்தான் மருத்துவர் இதைச் செய்வார். மூளைக்காய்ச்சலில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். மருத்துவர் இந்தச் சோதனைக்குக் கேட்டால், தள்ளிப்போடாமல் சம்மதியுங்கள்.