அக்கரைச் சம்பளம் – 7: வீடு யாருக்கு?

ஆஃபர் லெட்டரில் ‘ஹவுசிங் அலவன்ஸ்’ என்று வரும் ஒற்றை வரியை எப்படிப் படிக்க வேண்டும் என்று போன வாரம் எழுதியிருந்தேன். இதழ் கடைக்கு வந்த மறுநாளே திருச்சியிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். துபாயில் வேலை உறுதியாகிவிட்டது. ஜெபல் அலி ஃப்ரீ ஸோனில் கிடங்கு மேற்பார்வை. முதலில் இவன் மட்டும் போகிறான். குடும்ப விசா கிடைத்ததும் மனைவியும் நான்கு வயது மகனும் போவார்கள்.

“மாமா, வீடும் பாத்துட்டேன். ஷார்ஜா, அல் நஹ்தா. போட்டோ அனுப்பியிருக்காங்க. துபாய்ல ஒரு பெட்ரூமுக்குக் கேக்குற காசுல இங்க ரெண்டு பெட்ரூம். டோக்கன் அனுப்பிடவா?”

“அனுப்பாதே” என்றேன். சற்றுச் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, மறுமுனையில் அமைதி.

அவன் அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. அமீரகத்தில் குடும்ப விசா எடுக்க மாதம் 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும்; அல்லது 3,000 சம்பளமும் கம்பெனி வீடும். அதோடு பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள். ஆகவே குடும்பம் வந்து பார்த்து வீடு பிடிக்க முடியாது; வீடு பிடித்த பிறகுதான் குடும்பம் வரும். அங்கே குடியிருக்கப்போகிறவர் கண்ணால் பார்க்காத வீட்டுக்கு, பகல் முழுக்க அங்கே இல்லாதவர் கையெழுத்துப் போடுகிறார். புதிதாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. நானும் 2012-ல் இதைத்தான் செய்தேன்.

வரைபடத்தில் பார்த்தால் ஷார்ஜாவும் துபாயும் இரண்டு ஊர் என்றே தோன்றாது. அல் நஹ்தா என்ற பெயரில் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பகுதி, அந்தப் பக்கம் ஒரு பகுதி. தெருவைக் கடந்தால் எமிரேட் மாறிவிடும். வாடகை சட்டென்று இறங்கும், அறைகள் பெரிதாகும். ஆனால் துபாய் மெட்ரோ அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. 2009 செப்டம்பர் 9-ல் ரெட் லைன் ஓடத் தொடங்கியது, 2011-ல் கிரீன் லைன். கிரீன் லைன் அல் குசைஸ் பக்கம் எல்லைக்கு அருகிலேயே வந்து நின்றுவிடுகிறது. 2029-ல் வரவிருக்கும் புளூ லைனும் துபாய்க்குள்ளேயே மிர்திஃப், இன்டர்நேஷனல் சிட்டி, அகாடமிக் சிட்டி என்று சுற்றுகிறது. ஷார்ஜாவில் குடியிருந்து துபாயில் வேலை பார்ப்பவர்களுக்கு அல் இத்திஹாத் ரோடு, ஷேக் முகமது பின் ஸாயித் ரோடு, எமிரேட்ஸ் ரோடு என்ற மூன்று சாலைகள்தான். காலையில் எல்லாரும் தெற்கே போவார்கள், மாலையில் எல்லாரும் வடக்கே வருவார்கள்.

2012-ல் எனக்கு ஷார்ஜாவில் ஒரு பெட்ரூம் வீடு வருடத்துக்கு 28,000 திர்ஹம். என் வேலை ஜெபல் அலியில், சுமார் ஐம்பது கிலோமீட்டர். வேலைக்குப் பக்கத்தில் டிஸ்கவரி கார்டன்ஸில் அதே அளவு வீடு 45,000 சொன்னார்கள். வருடத்துக்கு 17,000 மிச்சம் என்று மனைவியிடம் போனில் கணக்குச் சொன்னது நினைவிருக்கிறது. கணக்கு சரிதான், ஆனால் பாதியில் நின்றுவிட்டது. மீதியை இப்போது போடுகிறேன்.

என்னிடம் கார் இல்லை. ‘கார் லிஃப்ட்’ பிடித்தேன். யாரோ ஒருவரின் வேனில் ஏழு பேர் மாதக் காசு கொடுத்துப் போய்வருவது. உரிமம் இல்லாமல் காசுக்கு ஆள் ஏற்றுவது அங்கே சட்டப்படி குற்றம், பிடித்தால் அபராதம். அன்று எனக்கு அது தெரியாது; இன்று யாருக்கும் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மாதம் 700 திர்ஹம், வருடத்துக்கு 8,400. மிச்சம் 8,600 ஆகிவிட்டது. ஏழரை மணி வேலைக்கு வேன் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பும். பத்து நிமிடம் பிந்தினால் அரை மணி கூடுதலாகும். அந்தச் சாலையின் கணக்கு அப்படி. மாலை ஐந்துக்கு முடிந்து வீடு சேர ஏழு. டிஸ்கவரி கார்டன்ஸில் இருந்திருந்தால் கம்பெனி பஸ் வாசலுக்கே வரும், போக அரை மணி, வர அரை மணி. ஆக, நாளொன்றுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் நான் சாலைக்குக் கூடுதலாகக் கொடுத்தேன். மாதத்துக்கு 60 மணி. விடுமுறை மாதம் போகப் பதினோரு மாதத்தில் 660 மணி. 8,600-ஐ 660-ஆல் வகுத்துப் பாருங்கள். என் மகளோடு இருந்திருக்கக்கூடிய ஒரு மணி நேரத்தை 13 திர்ஹத்துக்குக் கொடுத்திருக்கிறேன்.

அவளுக்கு அப்போது மூன்று வயது. காலையில் அவள் எழுமுன் போய்விடுவேன். மாலையில் குளித்துச் சாப்பிட்டு நிமிர்வதற்குள் தூங்கியிருப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை மூவரும் வெளியே போய்விட்டுத் திரும்பும்போது லிஃப்ட் வாசலில் நாத்தூர் நின்றிருந்தார். கட்டடக் காவலாளியை அங்கே எல்லாரும் நாத்தூர் என்றுதான் சொல்வார்கள். எங்கள் நாத்தூர் மலப்புறத்துக்காரர். என்னைப் பார்த்துச் சிரித்து, “சாரே, மோளுக்கு இப்போ ஆறு எத்தும்” என்றார். எனக்குப் புரியவில்லை. மகள் உள்ளே ஓடி, நுனிக்காலில் எழும்பி, ஆறாம் மாடிப் பட்டனை அழுத்தினாள். நாங்கள் குடிவந்தபோது அவள் கை மூன்றாம் நம்பர் வரைதான் எட்டும். ஆறு எட்ட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மனைவிக்குத் தெரியும், நாத்தூருக்குத் தெரியும், கீழே கிராசரிக்கடைப் பையனுக்குக்கூடத் தெரியும்.

ஒப்பந்தம் முடிந்த மறுவாரமே டிஸ்கவரி கார்டன்ஸுக்கு மாறினோம்.

ஷார்ஜாவைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. குடும்பத்தோடு வாழ அது நல்ல ஊர். ரோலா பக்கம் போனால் நம் ஊர்க் காய்கறியும் பலசரக்கும் பூவும் கிடைக்கும். நவம்பரில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்கு 1982-லிருந்து வரலாறு உண்டு. வார இறுதியில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நடப்பது தனிச் சுகம். வேலை ஷார்ஜாவிலேயே என்றாலோ, எல்லையை ஒட்டிய அல் குசைஸில் என்றாலோ நான் கண்ணை மூடிக்கொண்டு ஷார்ஜா என்பேன். வேலை ஜெபல் அலியில் என்கிறபோதுதான் தடுக்கிறேன். இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாறிப்போன முதல் இரண்டு மாதம் என் மனைவி வாடிப்போனாள். ஷார்ஜாவில் எதிர் வீட்டில் மதுரைக்காரர்கள், மேல்மாடியில் ஒரு கோழிக்கோட்டு அம்மா. புது இடத்தில் மரமும் புல்லும் இருந்தன, பேச ஆள் இல்லை. எனக்கு இரண்டே முக்கால் மணி நேரம் கிடைத்தது. அவளுக்கு அக்கம்பக்கம் போயிற்று. வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அவளிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் என்னென்ன என்பது அந்த இரண்டு மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. வேலைக்குப் போகிறவருக்கு வீடு என்பது இரவு படுக்கும் இடம். பகலில் அங்கே யார் இருக்கிறாரோ அவர்தான் உண்மையில் குடியிருக்கிறார். அவர் தனியாகக் குழந்தையோடு நடந்துபோக எது இருக்கிறது? காய்ச்சல் என்றால் கிளினிக் எவ்வளவு தூரம்? ஜூலையில் நடந்தே போக முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை வெயிலில் வேலை வாங்கவே அங்கே தடை இருக்கிறது. வரைபடம் பத்து நிமிட நடை என்று காட்டும் தூரம் அந்த மூன்று மாதம் ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் நடக்கிற தூரமே இல்லை.

இனி, பணமும் காகிதமும். வாடகையை மாதாமாதம் கொடுக்கும் வழக்கம் அங்கே குறைவு. ஒரு வருடத்துக்கான வாடகையை பின்தேதியிட்ட செக்குகளாக முதலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். செக் குறையக் குறைய வாடகையும் குறையும். நான்கு செக்குக்கு ஒரு விலை, ஒரே செக்குக்கு வேறு விலை. நான் போன காலத்தில் செக் திரும்பினால் சிறை என்ற பயம் இருந்தது. 2022 தொடக்கத்தில் சட்டம் மாறி, கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்புவது பெரும்பாலும் உரிமையியல் வழக்காகிவிட்டது. ஆனாலும் கடன் கடன்தான். வாடகைக்கு மேல் டெபாசிட் ஐந்து சதவீதம், ஏஜென்ட் கமிஷன் ஐந்து சதவீதம் என்பது துபாயில் வழக்கம். ஒப்பந்தத்தை ‘எஜாரி’யில் பதிவு செய்ய வேண்டும். அரபியில் ‘என் வாடகை’ என்று பொருள். அது இல்லாமல் கரண்ட், தண்ணீர் இணைப்பு வராது. இணைப்புக்கு ஃபிளாட் என்றால் 2,000 திர்ஹம் டெபாசிட். மாதா மாதம் அந்த பில்லிலேயே வருட வாடகையில் ஐந்து சதவீதம் பன்னிரண்டாகப் பிரிந்து ஹவுசிங் ஃபீ என்று வரும். முதல் பில்லைப் பார்த்துத் திகைக்காதவரை நான் கண்டதில்லை.

‘சில்லர் ஃப்ரீ’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் ஏசி குளிர்ச்சிக்குத் தனிக் கட்டணம் இல்லை என்று அர்த்தம். அந்த இரண்டு சொல் இல்லையென்றால், கோடை மாதங்களில் குளிரூட்டலுக்கென்று தனி பில் வரலாம். வாடகை குறைந்த வீடு எது என்பதை இது புரட்டிப் போட்டுவிடும்.

வாடகை ஏற்றமும் இரண்டு ஊரிலும் வேறு வேறு. துபாயில் அரசின் வாடகைக் குறியீட்டைப் பார்த்து, சந்தை விலையைவிட உங்கள் வாடகை எவ்வளவு குறைவோ அதற்கேற்ப ஐந்திலிருந்து இருபது சதவீதம் வரை ஏற்றலாம். தொண்ணூறு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். ஷார்ஜாவில் 2024-ல் வந்த புதிய சட்டப்படி, வாடகைதாரர் சம்மதித்தாலொழிய முதல் மூன்று வருடம் ஏற்ற முடியாது. நீண்டகாலம் இருக்கப் போகிறவர்களுக்கு ஷார்ஜாவின் பக்கம் இது ஒரு நல்ல பாயிண்ட்.

தனியாகப் போகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ‘பெட் ஸ்பேஸ்’, ‘பார்ட்டிஷன்’ என்று பலகையால் தடுத்த அறைகளில் வாடகை குறைவுதான். 2025 ஜூனில் துபாய் மாநகராட்சி அல் ரிக்கா, முரக்கபாத், சத்வா, அல் பர்ஷா போன்ற இடங்களில் இவற்றை அகற்றத் தொடங்கியது. தீப்பிடித்தால் ஓட வழி இல்லாத தடுப்புக்குள் தூங்க வேண்டாம். உங்கள் பெயர் எஜாரியில் இருக்கிற இடத்திலேயே தங்குங்கள்.

மழையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாலைவனத்தில் மழையா என்பீர்கள். 2024 ஏப்ரல் 16-ல் அல் ஐன் பக்கம் ஒரே நாளுக்குள் 254 மில்லிமீட்டர் பெய்தது. 1949-ல் பதிவு தொடங்கியதிலிருந்து அப்படி ஒரு மழை அங்கே இல்லை. மழைநீர் வடிகால் போதாத ஊர்களில் அது எங்கே போகும்? ஷார்ஜாவில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஒன்பதாம் மாடி. வீட்டுக்குள் சொட்டு நீர் வரவில்லை. ஆனால் கீழ்த்தளத்து மின்சார அறை மூழ்கியதால் லிஃப்ட் இல்லை, மோட்டார் இல்லை. நான்கு நாள், குழந்தையையும் குடிநீரையும் தூக்கிக்கொண்டு ஒன்பது மாடி. 2015 டிசம்பரில் சென்னையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதனால் வீடு பார்க்கும்போது நாத்தூரைத் தனியே அழைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அந்த ஏப்ரல் மழைக்கு இங்க தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?” ஏஜென்ட் மழுப்பலாம். நாத்தூர் சுவரில் கை வைத்துக் காட்டுவார்.

அக்கா மகனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. மூன்றே காரியம் சொன்னேன். கம்பெனி முதல் மாதம் ஹோட்டல் அபார்ட்மென்ட் தருகிறது. அந்த மாதம் முடிவதற்குள் எதிலும் கையெழுத்துப் போடாதே. எந்த வீடு பிடித்தாலும் இரவு ஒன்பதுக்கு ஒரு முறை போய்ப் பார், வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா, பக்கத்துச் சத்தம் எப்படி என்று தெரியும். ஒரு வேலைநாள் காலையில் அந்த வீட்டு வாசலிலிருந்து வேலைக்குப் போய்ப் பார்.

போன செவ்வாய்க்கிழமை காலை, போய்ச் சேர்ந்துவிட்ட அவனிடமிருந்து போன் வந்தது. அங்கே ஏழே கால். அல் நஹ்தாவில் ஒரு நண்பன் வீட்டில் இரவு தங்கிவிட்டு அவன் காரிலேயே கிளம்பியிருக்கிறான். “மாமா, ஆறே முக்காலுக்கு எறங்குனோம். இன்னும் அன்சார் மாலைத் தாண்டல” என்றான். அந்த மால் ஷார்ஜா அல் நஹ்தாவிலேயேதான் இருக்கிறது. குரலில் எரிச்சல் இல்லை, வியப்புதான் இருந்தது. முன்னால் சாலைச் சுங்கம் வேறு இருக்கிறது. சாலிக் சுங்கம் 2025 ஜனவரி கடைசியிலிருந்து நெரிசல் நேரத்தில் ஒரு கேட்டுக்கு 6 திர்ஹம்.

அன்று இரவே திருச்சியிலிருந்து அவன் மனைவி கூப்பிட்டாள். ஷார்ஜாவா துபாயா என்று அவள் கேட்கவில்லை. “சித்தப்பா, சித்தி பக்கத்துல இருக்காங்களா? அந்த டிஸ்கவரி கார்டன்ஸ்ல சாயங்காலம் பிள்ளைங்க எங்க வெளையாடும்? முருங்கைக்கீரை கிடைக்குமா?”

போனை என் மனைவியிடம் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

(தொடரும்)