கடல் கடந்த அயர்லாந்து - 14: சிகாகோ போலீஸ் தலைவரின் 1,850 மெட்டுகள்

கியூபெக் பக்கத்துக் கிராஸ் தீவில், அயர்லாந்துப் பஞ்சத்துக்குத் தப்பிவந்து 1847இல் புதைக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றிச் சென்ற வாரம் படித்தீர்கள். அதைத் திரும்பச் சொல்லவில்லை. இந்த வாரம் நியூயார்க்கின் இசைத்தட்டுகளுக்கு வருவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் ஒரு போலீஸ்காரரைச் சொல்லியாக வேண்டும். அவர் எழுதிய புத்தகத்தில் ஒரு பக்கம் என்னை இந்த வாரம் முழுக்க விடவில்லை.

அவர் பெயர் பிரான்சிஸ் ஓ'நீல். பஞ்சம் ஓயாத 1848இல், கார்க் மாவட்டத்துப் பான்ட்ரிக்குப் பக்கத்தில் ட்ராலிபேன் என்ற சிற்றூரில் பிறந்தவர். சிறு வயதில் அண்டை நிலக்காரர் ஒருவரிடம் மரப் புல்லாங்குழல் வாசிக்கக் கற்றுக்கொண்டார். 16 வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பிக் கப்பல் வேலையில் சேர்ந்தார். இருபது வயதாவதற்குள் உலகத்தைச் சுற்றிவிட்டார். அந்தச் சுற்றில்தான் நான் சொல்லும் பக்கம் வருகிறது.

பசிபிக் சமுத்திரத்தின் நட்ட நடுவில், பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே பேக்கர் தீவு இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ இரண்டு சதுர கிலோமீட்டர். நிழலுக்கு மரம் கிடையாது, குடிக்க நன்னீர் கிடையாது. கடற்பறவைகளின் எச்சம் மட்டும் குவிந்து கிடக்கும். அந்நாளில் அதை உரத்துக்காக வெட்டி எடுத்துக் கப்பலில் ஏற்றினார்கள். ஓ'நீல் வேலை பார்த்த 'மினிஹாஹா' என்ற கப்பல் அங்கே உடைந்தது. மாலுமிகள் தீவில் ஒதுங்கினார்கள். சில நாள் கழித்து 'ஸோயி' என்ற சிறு கப்பல் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டது. அதில் வேலை பார்த்தவர்கள் ஹவாய்த் தீவுக்காரர்கள். தங்களுக்கென்று வைத்திருந்த உணவை இத்தனை புதிய வயிறுகளுக்கும் சேர்த்து அளந்து கொடுக்க வேண்டிய நிலை. ஹொனலுலு போய்ச் சேர 34 நாள் ஆயிற்று.

அந்தக் கப்பலில் ஒரு ஹவாய் மாலுமியிடம் நல்ல புல்லாங்குழல் ஒன்று இருந்தது. மாலையானால் எளிய தேவாலயப் பாட்டு ஒன்றை அதில் வாசிப்பார். ஒருநாள் ஓ'நீல் அந்தக் குழலை வாங்கி, ட்ராலிபேனில் பழகிய மெட்டுகளை வாசித்துக் காட்டினார். அன்றிலிருந்து அந்த மாலுமி தன் பங்குச் சாப்பாட்டை அவரோடு பகிர்ந்துகொண்டார். சேம்பங்கிழங்கை அவித்து இடித்துச் செய்யும் கூழும் டப்பாவில் அடைத்த சால்மன் மீனும்தான் அந்தச் சாப்பாடு. ஹொனலுலுவில் இறங்கியபோது, தீவில் ஒதுங்கியவர்களில் மூன்று பேரைத் தவிர மற்ற எல்லோரையும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. திடமாக நின்ற மூவரில் ஓ'நீல் ஒருவர். தன் இசை நண்பரால்தான் அப்படி நிற்க முடிந்தது என்று 1910இல் வெளியிட்ட புத்தகத்தில் அவரே எழுதுகிறார்.

அந்த மாலுமியின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அயர்லாந்தில் அவருக்கு ஒரு சிலை வைக்கலாம் என்பேன். ஓ'நீல் பிற்காலத்தில் அயர்லாந்து மெட்டுகளைத் தொகுத்துச் செய்த வேலை அவ்வளவு பெரியது.

இடையில் நடந்ததைச் சுருக்கிவிடுகிறேன். கலிபோர்னியா மலையடிவாரத்தில் ஆடு மேய்த்தார், மிசௌரியில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார், கல்யாணம் செய்துகொண்டார். 1873இல் சிகாகோ போலீஸில் சேர்ந்தார். சேர்ந்த சில வாரங்களிலேயே ஒரு திருடன் சுட்ட குண்டு முதுகெலும்புக்குப் பக்கத்தில் தங்கிவிட்டது. சாகும்வரை அதை உடம்பிலேயே சுமந்தார். 1901இல் அந்த நகரப் போலீஸுக்கே தலைவரானார். 1905 வரை அந்தப் பதவி.

அந்தப் பதவிக்காலத்தின் ஒரு சம்பவத்தை விட மனமில்லை. 1901 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி மெக்கின்லி சுடப்பட்டார். அந்தச் சதியில் பங்குண்டு என்று அராஜகவாதி எம்மா கோல்ட்மனைச் சிகாகோவில் கைது செய்தார்கள். ஊரே அவரைத் தூக்கில் போடச் சொல்லிக் கொண்டிருந்த நேரம். ஓ'நீல் அவரை நேரில் விசாரித்தார். அவருக்குச் சம்பந்தமில்லை என்று நம்பியதும் சிறையில் மரியாதையாக நடத்தச் செய்தார். போலீஸ்காரர்களைப் பற்றி நல்ல வார்த்தை அதிகம் சொல்லாத கோல்ட்மன் தன் சுயசரிதையில் இதைப் பதிவு செய்திருக்கிறார். மெட்டுகளைச் சேர்க்கும்போதும் ஓ'நீலுக்கு இதே குணம் இருந்தது. யார் சொன்னாலும் பொறுமையாகக் காது கொடுத்தார்.

அவருக்கு ஸ்வரம் எழுதத் தெரியாது. மெட்டுகள் முழுவதும் தலைக்குள் இருந்தன. அம்மாவும் அப்பாவும் பாடியவை, பான்ட்ரிப் பக்கத்து நடனங்களில் கேட்டவை, கப்பலில் பிடித்தவை எல்லாம் அதில் அடக்கம். எழுதத் தெரிந்தவர் ஜேம்ஸ் ஓ'நீல். பிரான்சிஸுக்கு உறவில்லை, வடக்கே டவுன் மாவட்டத்துக்காரர், பிடில் வாசிப்பவர். பிரான்சிஸ் குழலில் ஊதிக் காட்டுவார், அல்லது வாயால் முனகிக் காட்டுவார். ஜேம்ஸ் எழுதிக்கொண்டு பிடிலில் திரும்ப வாசிப்பார். பிசகு இருந்தால் திருத்துவார்கள். பிறகு தெரிந்த வாசிப்பவர்களை எல்லாம் தேடிப் போனார்கள். சிலர் போலீஸ் வேலைக்கே வந்தார்கள். ஜேம்ஸும் அப்படித்தான் சேர்ந்தார். முழங்கையால் துருத்தியை அமுக்கி வாசிக்கும் இலின் பைப்பில் கெட்டிக்காரரான பார்னி டிலேனியும் அந்த வழியில் வந்தவர்தான்.

1903இல் புத்தகம் வந்தது. மொத்தம் 1,850 உருப்படிகள். பாட்டு மெட்டுகள் மட்டும் 625. நடனத்துக்கான இரட்டை ஜிக் 415, ரீல் 380, ஹார்ன்பைப் 225. பதினெட்டாம் நூற்றாண்டில் மறைந்த கண் தெரியாத யாழ்க் கலைஞர் கரோலன் இயற்றியவை 75. மிச்சம் ஸ்லிப் ஜிக், நீண்ட நடனங்கள், அணிவகுப்பு மெட்டுகள். எனக்கு மிகவும் பிடித்தது ஒவ்வொரு மெட்டுக்கும் மேலே ஓரமாக அச்சிட்டிருக்கும் சின்னப் பெயர். அதை யாரிடமிருந்து வாங்கினார்களோ அவருடைய பெயர் அது. போலீஸ்காரர்களும் கூலிக்காரர்களுமாக, வேறெந்தப் புத்தகத்திலும் இடம் கிடைத்திருக்காத பெயர்கள் அங்கே நிற்கின்றன.

இந்தத் தொகுப்பு ஏன் டப்ளினில் நடக்காமல் சிகாகோவில் நடந்தது? ஓ'நீல் ட்ராலிபேனிலேயே இருந்திருந்தால் நூறு மைல் தள்ளியிருந்த மெட்டு அவர் காதில் விழுந்திருக்காது. கெர்ரிக்காரன் டோனகல் ரீலைக் கேட்க வழியே இல்லாத காலம் அது. பஞ்சத்துக்குப் பிறகு மூட்டை கட்டியவர்கள் சிகாகோவில் ஒரே தெருவில் குடியேறினார்கள். மேயோக்காரனும் லிமெரிக்காரனும் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தார்கள். அயர்லாந்தின் 32 மாவட்டங்களும் ஒரு டிராம் கட்டணத்தில் எட்டிவிடும் தூரத்துக்கு வந்துவிட்டன. புலம்பெயர்வு பிரித்த கணக்கைத்தான் நாம் எப்போதும் எழுதுகிறோம். இந்த விஷயத்தில் அது சேர்த்தும் வைத்தது. இந்தத் தொடரில் இத்தனை வாரமாக நான் சுற்றிச் சுற்றி வருவது இந்த இடத்துக்குத்தான்.

1906இல் ஓ'நீல் ஊருக்குப் போனார். சிறுவயதில் எந்தத் திசையிலும் இசை கேட்ட பகுதியில் பைப் வாசிப்பவரைத் தேடி அலைய வேண்டியிருந்தது. மனம் நொந்து திரும்பினார். மறு வருஷமே நடன மெட்டுகளை மட்டும் 1,001 எண்ணிக்கையில் தனிப் புத்தகமாகக் கொண்டுவந்தார். இன்றும் வாசிப்பவர்கள் அதிகம் புரட்டுவது அந்த இரண்டாவது புத்தகத்தைத்தான்.

அவர் புத்தகங்களின் மேல் குறைகளும் உண்டு, அவை நியாயமானவை. எழுதப்பட்டது மெட்டின் எலும்பு. சுருக்கென்று வெட்டும் விரலடி, ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஒன்று மாறிவருவது, இவை எதுவும் தாளில் வரவில்லை. காகிதத்தைப் பார்த்து அப்படியே வாசித்தால் உயிரில்லாமல் இருக்கும். ஓ'நீலும் இதை உணர்ந்திருக்க வேண்டும். எடிசனின் மெழுகு உருளைகளில் வாசிப்பவர்களைப் பதிவு செய்யத் தொடங்கினார். அவற்றில் சில தப்பிப் பிழைத்து இப்போது மில்வாக்கியிலுள்ள ஓர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

சொந்த வாழ்க்கை அவருக்குக் கருணை காட்டவில்லை. மகன்கள் எல்லோரும் அவருக்கு முன்பே இறந்துபோனார்கள். 1931இல் தன் நூலகத்தை நாட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 1936 ஜனவரியில் சிகாகோவில் காலமானார். ட்ராலிபேனில் இப்போது குழல் வாசிக்கும் கோலத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது.

தாளில் வராத அந்த விரலடி இசைத்தட்டில் வந்தது. ஸ்லைகோ மாவட்டத்துப் பிடில்காரர் மைக்கேல் கோல்மன் 1914இல் அமெரிக்கா போனார், பிறகு நியூயார்க்கில் குடியேறி 1920களில் இசைத்தட்டுகள் வெளியிட்டார். அந்தத் தட்டுகள் அமெரிக்காவிலிருந்து அயர்லாந்துக் கிராமங்களுக்குத் தபாலிலும் பெட்டியிலும் வந்து, அங்கே பிடில் வாசிக்கும் முறையையே மாற்றின. அந்தக் கதை அடுத்த வாரம். கோல்மனின் பழைய பதிவுகள் இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. படிப்பதற்கு முன் இரண்டு ரீல்களையாவது கேட்டு வையுங்கள்.

(தொடரும்)