வாளின் வளைவு யாருக்காக?

வாள் என்றதும் விறைத்து நிற்கும், எதற்கும் வளைந்து கொடுக்காத ஆயுதமொன்றே எமது மனக்கண்ணில் தோன்றுகின்றது. சரித்திரக் கதைகளிலும் திரைப்படங்களிலும் நாம் கண்டு பழகிய வாள் அத்தகையதே. ஆனால், ஒலிம்பிக் விளையாட்டுகளுள் ஒன்றாகிய வாள்வீச்சில் கையாளப்படும் ஃபொயில் எனும் வாளோ வளைந்தே தீர வேண்டும் என விதிக்கப்பட்ட வாளாகும். வளைய மறுக்கும் ஃபொயிலை ஆயுதப் பரிசோதகர்கள் போட்டி மேடைக்கு அனுமதிப்பதில்லை. எவ்வளவு வளையலாம் என்பதற்குக் கீழெல்லையும் மேலெல்லையும் உண்டு. அவ்விரு எல்லைகளுக்குள்ளும் கூடுதலாக வளையும் அலகைத் தெரிவதா, குறைவாக வளையும் அலகைத் தெரிவதா என்பதே வீரர்களும் பயிற்றுநர்களும் ஓயாது வாதிட்டு வரும் விடயமாகும்.

இந்த விளையாட்டு எமது வாசகர்களுக்கு முற்றிலும் அந்நியமானதென்று கூறிவிட முடியாது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எகிப்தின் அலாஎல்தீன் அபுல்காசிம் ஆடவர் ஃபொயிலில் வெள்ளிப் பதக்கத்தையும், 2016 ரியோ ஒலிம்பிக்கில் துனீசியாவின் இனெஸ் பூப்கரி மகளிர் ஃபொயிலில் வெண்கலப் பதக்கத்தையும் வென்றபோது அச்செய்திகள் அரபுலகுக்கு வெளியேயும் ஆர்வத்துடன் படிக்கப்பட்டன. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையைச் சேர்ந்த பவானி தேவி களமிறங்கினார். அவர் ஏந்தியது ஃபொயில் அன்று, சேபர் எனும் வெட்டுவாள். லண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் வாழும் எம்மவர் சிலரின் பிள்ளைகள் பாடசாலைக் கழகங்களில் இக்கலையைப் பயிலத் தொடங்கியுள்ள நிலையில், எத்தகைய அலகை வாங்கிக் கொடுப்பது என்ற கேள்வி பெற்றோருக்கு எழுவது இயல்பே. கடைக்காரர் தரும் விடையை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னர் அறிந்திருக்க வேண்டிய சில விடயங்கள் உள்ளன.

நவீன வாள்வீச்சில் ஃபொயில், எப்பே, சேபர் என மூவகை வாள்கள் உண்டு. ஃபொயில் குத்துவதற்கு மாத்திரம் உரியது. அதன் முனை எதிராளியின் உடற்பகுதியில், அதாவது கைகால்களும் தலையும் நீங்கலான பகுதியில், பதிந்தாலே புள்ளி கிடைக்கும். வாளின் மொத்த நிறை 500 கிராமை விஞ்சலாகாது. அலகின் நீளம் 90 சென்ரிமீற்றரை விஞ்சலாகாது. முனையில் சிறியதொரு வில்லுப் பொருத்தப்பட்ட மின்பொத்தான் இருக்கும். குறைந்தது 500 கிராம் எடைக்கு ஈடான அழுத்தம் அதன்மீது விழுந்தாலன்றி விளக்கு எரியாது.

சர்வதேச வாள்வீச்சுச் சம்மேளனத்தின் விதிகளில் அலகின் வளைவை அளக்கும் முறை மிகத் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றது. முனையிலிருந்து 70 சென்ரிமீற்றர் தொலைவில் அலகைக் கிடைநிலையில் இறுகப் பிணைத்து, முனைக்கு 3 சென்ரிமீற்றர் உள்ளே 200 கிராம் எடையொன்றைத் தொங்கவிட வேண்டும். அப்போது முனை குறைந்தது 5.5 சென்ரிமீற்றரும் கூடியது 9.5 சென்ரிமீற்றரும் கீழிறங்கலாம். கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் இடையில் நான்கு சென்ரிமீற்றர் இடைவெளி இருப்பதைக் கவனிக்க வேண்டும். விதிக்கு அமைவான இரு வாள்களுள் ஒன்று மற்றையதைப் போல ஒன்றரை மடங்குக்கும் அதிகமாக வளையலாம். கடைகளில் 'மென்மை', 'நடுத்தரம்', 'விறைப்பு' என்று ஒட்டப்படும் அடையாளங்களுக்கு எல்லாத் தயாரிப்பாளருக்கும் பொதுவான அளவுகோல் எதுவுமில்லை. ஒருவரது நடுத்தரம் இன்னொருவரது மென்மையாக இருக்கக் கூடும்.

வளைவு எதற்காக? வாள்வீச்சு வீரர் அணியும் முகக்கவசம், மேலங்கி, கையுறை யாவும் அவரையே காக்கின்றன. அவர் கையிலுள்ள அலகின் வளைவோ அவரைக் காப்பதில்லை. அது காப்பது எதிரே நிற்பவரை. முன்பாய்ச்சலின் வேகத்தோடு முனை எதிராளியின் மார்பில் பதியும்போது அலகு வில்லாக வளைந்து அந்த வேகத்தைத் தன்னுள் வாங்கிக் கொள்கின்றது. விறைத்த அலகு பிந்தியே வளையும். அதுவரை முழுத் தாக்கமும் எதிராளியின் விலா எலும்பில் இறங்கும். பயிற்சி முடிந்து வீடு திரும்பும் பிள்ளையின் நெஞ்சில் காணப்படும் நீலத் தழும்புகள் பெரும்பாலும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் வாளைப் பற்றியே பேசுகின்றன. ஆகவே அலகைத் தெரிவு செய்வது தனிப்பட்ட வசதி பற்றிய முடிவு மட்டுமல்ல என்பதே எமது கருத்து. வாள்வீச்சு நூல்கள் பலவும் கட்டுப்பாட்டைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் விரித்து எழுதுமளவுக்கு இதனை எழுதாதது வியப்புக்குரியது.

இவ்விடத்தில் 1982ஆம் ஆண்டைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. அவ்வாண்டு ஜூலை மாதம் ரோம் நகரில் நடைபெற்ற உலகச் சம்பியன்ஷிப் போட்டியில் சோவியத் யூனியனின் விளாதிமிர் ஸ்மிர்னோவும் மேற்கு ஜேர்மனியின் மத்தியாஸ் பேரும் ஃபொயிலில் மோதினர். ஸ்மிர்னோவ் 1980 மொஸ்கோ ஒலிம்பிக்கின் தங்கப் பதக்க வீரர். ஆட்டத்தின் நடுவே பேரின் அலகு முறிந்தது. முறிந்து எஞ்சிய கூரிய துண்டு, பாய்ச்சலின் வேகத்தில், ஸ்மிர்னோவின் முகக்கவச வலையைத் துளைத்துக் கண்ணினூடாக மூளைக்குள் சென்றது. சில நாட்களின் பின் அவர் உயிரிழந்தார். அவருக்கு அப்போது வயது 28. பேர் மீது எவரும் குற்றஞ்சாட்டவில்லை. ஆயினும் அந்நிகழ்வின் பாரத்தைத் தாம் நெடுங்காலம் சுமந்ததைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகப் பேசினார். முகக்கவச வலையும் மேலங்கித் துணியும் அலகின் உருக்கும் அதன் பின்னரே கடுமையான சோதனைகளுக்கு உள்ளாக்கப்பட்டன. இன்று சர்வதேசப் போட்டிகளில் ஃபொயில் அலகு மாரேஜிங் எனும் உருக்கினால் ஆனதாக இருத்தல் கட்டாயமாகும்.

மாரேஜிங் உருக்கைப் பற்றிப் பரவியுள்ள தவறான எண்ணங்கள் பல. அது சாதாரண உருக்கைவிட மென்மையாக வளையும் என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் ஓர் அலகு ஒரு குறித்த எடைக்கு எவ்வளவு வளையும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் வடிவமேயன்றி உருக்கின் வகையன்று. தடிப்பில் பத்திலொரு பங்கைக் குறைத்தால் வளைவு மூன்றிலொரு பங்குக்கும் மேலாகக் கூடிவிடும். நீளமும் அவ்வாறே. அதே தடிப்புடைய அலகை 90 சென்ரிமீற்றரிலிருந்து 77 சென்ரிமீற்றராகக் குறைத்தால் வளைவு ஏறத்தாழ ஐந்தில் மூன்றாகச் சுருங்கிவிடும். சிறுவர்களுக்கென விற்கப்படும் குட்டை அலகுகளுட் சில எதிர்பாராத அளவுக்கு விறைப்பாக இருப்பதன் காரணம் இதுவே.

அவ்வாறாயின் மாரேஜிங் உருக்கின் பயன் யாது? வளைந்து வளைந்து களைத்த அலகில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பொன்று தோன்றும். சாதாரண கரி உருக்கில் அவ்வெடிப்பு விரைந்து பரவி அலகை முறிக்கும்; மாரேஜிங் உருக்கில் மிக மெதுவாகவே பரவும். ஏறத்தாழ 18 சதவீதம் நிக்கலும், அத்தோடு கோபால்ற், மொலிப்டினம், டைட்டேனியம் ஆகியனவும் கலந்த இவ்வுருக்கில் கரி அறவே இல்லையெனலாம். நூற்றாண்டுகளுக்கு முன் தென்னிந்தியாவிலிருந்தும் எமது தீவிலிருந்தும் மேற்கே ஏற்றுமதியான புகழ்பெற்ற வாளுருக்கின் சிறப்போ அதன் மிகுந்த கரியில் இருந்தது. சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றின் விசையால் இயங்கிய பழைய உலைகளைத் தொல்லியலாளர்கள் கண்டறிந்ததை வாசகர்கள் அறிந்திருப்பர். அது வெட்டுவதற்காக வடிக்கப்பட்ட உருக்கு. இது வெட்டாமல் வளைவதற்காக வடிக்கப்பட்டது. மாரேஜிங் அலகு முறிந்தால் மொட்டையாகவே முறியும், ஆகவே ஆபத்தில்லை என்று சொல்லப்படுவதையும் நாம் ஏற்பதற்கில்லை. அதுவும் கூரிய விளிம்புடனேயே முறியும். முறிவது குறைவு என்பதே அதன் சிறப்பு. சாதாரண அலகைவிட இரண்டு மூன்று மடங்கு விலை கொடுத்து அதனை வாங்குபவர் இந்தக் காரணத்துக்காக வாங்குவதே பொருத்தமானது.

இனி விளையாட்டு நுட்பத்துக்கு வருவோம். கூடுதலாக வளையும் அலகின் மீது வீரர்களுக்கு மோகம் ஏற்படுத்தியது ஒரு குறிப்பிட்ட தாக்குதல் முறையாகும். மின்பொத்தான் பொருத்திய ஃபொயில் 1955ஆம் ஆண்டு உலகச் சம்பியன்ஷிப் போட்டியிலும், மறு ஆண்டு மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் பயன்பாட்டுக்கு வந்தது. முனையில் பாரம் கூடியதால், மணிக்கட்டைச் சுண்டி அலகைச் சாட்டைபோல வீசி, எதிராளியின் தடுப்பைத் தாண்டி முதுகிலோ தோளிலோ முனையைப் பதிக்கலாம் என்பதை வீரர்கள் காலப்போக்கில் கண்டுகொண்டனர். 1980களிலும் 1990களிலும் ஃபொயில் ஆட்டத்தின் முகத்தையே இம்முறை மாற்றிவிட்டது. குத்துவாள் சவுக்காகிவிட்டதென மூத்த பயிற்றுநர்கள் மனம் நொந்தனர்.

2005ஆம் ஆண்டில் சம்மேளனம் மின்கருவியின் நேர அளவை மாற்றியது. அதற்கு முன்னர் முனை ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒன்று முதல் ஐந்து பங்கு நேரம் அழுந்தினாலே விளக்கு எரிந்தது. மாற்றத்தின் பின் ஏறத்தாழ பதினான்கு பங்கு நேரம் அழுந்தியிருக்க வேண்டியதாயிற்று. சவுக்கடி போலத் தொட்டுத் துள்ளும் குத்துகளில் பல அத்துடன் செல்லாக்காசாயின. சாட்டைக் குத்து அடியோடு மறைந்துவிடவில்லை. தேர்ந்தவர்கள் இன்றும் அதனைக் கையாளுகின்றனர். ஆனால் அதற்காகவே மிக மென்மையான அலகைத் தேடி அலைவதற்கான நியாயம் பெரிதும் குறைந்துவிட்டது.

மிக மென்மையான அலகுக்கு விலையும் உண்டு. எதிராளியின் வாளைத் தட்டித் தடுத்தவுடன் பதிற்குத்து விடும் அந்தக் கணத்தில் மென்மையான அலகின் முனை நடுங்கும். அந்நடுக்கம் அடங்குமுன் குத்தினால் முனை இலக்கை விட்டு விலகும். அடங்கும்வரை காத்திருந்தால் எதிராளி விலகிவிடுவார். சாய்வான கோணத்தில் பதியும்போது அலகு முந்தி வளைந்து, வேண்டிய அழுத்தம் பொத்தானில் விழாமல் நழுவிப் போவதும் உண்டு. எனவே கற்கத் தொடங்கிய பிள்ளைக்கு 'சம்பியன்கள் பாவிக்கும் அலகு' என்று கூறி எல்லையைத் தொடும் மென்மையுடையதை வாங்கிக் கொடுப்பது நேர்க்குத்தைப் பழகுமுன் சுண்டும் பழக்கத்தைக் கையில் ஏற்றிவிடும். ஒருமுறை ஏறிய பழக்கத்தை இறக்குவதற்குப் பயிற்றுநர் படும் பாடு பெரிது.

வளைவு எந்த இடத்தில் நிகழ்கின்றது என்பது வளைவின் அளவைப் போலவே முக்கியமானது. பிடியை அண்டிய பகுதி உறுதியாக இருந்து, முனையை நோக்கிய மூன்றிலொரு பகுதி எளிதாக வளையும் அலகு தடுப்பதற்கும் உதவும், எதிராளியையும் நோகச் செய்யாது. நடுவிலேயே தொய்யும் அலகு இரண்டுக்கும் உதவாது. உயரமும் பலமும் மிக்க, விரைந்து பாயும் இயல்புடைய இளைஞர் ஒருவர் தமது நுட்பத்துக்கு விறைப்பான அலகே ஏற்றது எனக் கருதினாலும், தம்மினும் சிறியவர்களோடு பயிலும் நாட்களிலேனும் ஒருபடி மென்மையானதை எடுத்துக் கொள்வது தகும். வாளை வாளால் தட்டி ஆடுவதையே விரும்புபவருக்கு நடுத்தரம் போதும். சிறுவருக்குக் குட்டை அலகு வாங்குகையில் மென்மையானதையே கேட்டு வாங்க வேண்டும். அது நீண்ட அலகைப் போல நடுங்காது.

கடையில் இரு விரல்களால் அலகை வளைத்துப் பார்த்து முடிவு செய்வதைக் காட்டிலும் வீட்டில் அளந்து பார்ப்பதே நம்பத்தக்கது. மேசை விளிம்பில் மரப்பலகையொன்றை வைத்து, முனைக்கு 70 சென்ரிமீற்றர் பின்னால் அலகை இறுக்கி, 200 கிராம் தேயிலைப் பொதியொன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, முனை இறங்கும் அளவை அடிமட்டத்தால் குறித்துக் கொள்ளலாம். 6 முதல் 7.5 சென்ரிமீற்றர் வரை இறங்கும் அலகு பெரும்பாலான கற்போருக்குப் பொருந்தும் என்பது எமது கணிப்பு. இதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்து குறித்து வைத்தால், அலகு திடீரென முன்னைவிட அதிகமாகத் தொய்வது அதன் ஆயுள் முடியப் போவதை உணர்த்திவிடும்.

புதிய அலகைக் காலணியின் அடியில் வைத்து இழுத்து மெல்லிய வளைவு கொடுப்பது வழமை. அவ்வளைவின் உச்சம் ஒரு சென்ரிமீற்றரை எட்டக் கூடாது. மின்கம்பி ஒட்டப்பட்ட பள்ளம் மேற்புறமாக இருக்க, முனை சற்றே கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு குத்திலும் அலகு ஒரே திசையில், மேல்நோக்கி, வளையும். இன்று ஒருபுறமும் நாளை மறுபுறமுமாக வளையும் அலகு விரைவில் முறியும். முடிச்சு விழுந்ததுபோல ஓரிடத்தில் மடிந்துவிட்ட அலகை நிமிர்த்தி மீண்டும் பாவிப்பது சிக்கனமாகத் தோன்றினாலும், வெடிப்பு பிறப்பது அந்த மடிப்பிலேதான். பழைய அலகுகளை மலிவாகக் கைமாற்றும் கழகங்களில் வாங்குவோர், முனையிலிருந்து ஒரு முழத் தூரத்தை வெளிச்சத்தில் பிடித்து, விரல் நகத்தை மெல்ல ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். நகம் தடக்கும் அலகை இலவசமாகத் தந்தாலும் வாங்கலாகாது.